முகாமில் உயிர் காத்த மருந்து



“டாக்டருக்குப் படித்தால் சரி. பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. எதற்கு?” உதவித்தொகை நேர்காணலில் ஒரு தகப்பனார் எங்களிடம் கேட்டார். அகதி முகாம்களின் குடிநீரை ஆய்வு செய்ய அவர் மகள் விரும்புகிறார்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பங்கானில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. ஆய்வாளர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார், உறவினர்களே ஊட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தக் கணக்கை 1973இல் வெளியிட்டார். இன்று நம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். அதுதான்.

எனவே மருத்துவ மாணவருக்குத் தரும் அதே தொகையை அம்மகளுக்கும் தரத் தீர்மானித்துள்ளோம். துஆச் செய்து அனுப்பி வையுங்கள்.