வீட்டுக்கு ஏற்ற நீர்த்தூம்பு
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஐப்பசி பிறக்குமுன் உடைந்த ஓடுகளை மாற்றுவதில் நாம் எல்லோரும் கருத்தாயிருக்கிறோம். ஆனால் அவ்வோடுகளின்மேல் விழும் ஜலம் பிறகு எங்கே செல்கிறது என்று கவனிப்போர் சிலரே. மண்சுவர் பெரும்பாலும் அடியிலிருந்தே கெடுகிறது. இறவாரத்து ஜலம் தரையில் விழுந்து தெறித்து, நாள்தோறும் சுவரின் அடியைக் கரைக்கிறது. அடி ஊறிய சுவர் மழை ஓய்ந்த பின்னரும் சாயக்கூடும். உறங்குவோர்மேல் சுவர் வீழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்த செய்தியை மழைக்காலந்தோறும் கேட்கிறோம். ஆகையால் இறவாரத்தில் கட்டும் நீர்த்தூம்பு, சில ஊரார் பீலி என்பது, வீட்டுக்கு அலங்காரமன்று, காவலேயாகும்.

தூம்பு வாங்குவோர் முதலில் விலையைக் கேட்கிறார்கள். முதலில் செய்யவேண்டியது கூரையை அளப்பதே. 100 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 235 லிட்டர் ஜலம் இறங்கும். சிறிய தூம்பு இதைத் தாங்காது வழிந்து, காக்கவேண்டிய சுவரையே நனைக்கும். கூரை மூடும் தரையின் நீள அகலங்களைப் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும். 4 அங்குலக் குழாயை நெடுக இரண்டாகப் பிளந்த பாதி, 200 சதுர அடி வரையில் போதும். 6 அங்குலக் குழாயின் பாதி 400 சதுர அடிக்குப் போதும். இருபதடிச் சதுரமான வீட்டில் கூரை இருபுறமும் சமமாகச் சரிந்தால் பக்கத்துக்கு ஒரு 4 அங்குலத் தூம்பு வைக்கலாம். ஒரே புறம் சரிந்தால் 6 அங்குலத் தூம்பே வேண்டும். கீழே இறங்கும் குழாய் 3 அங்குலத்துக்குக் குறையலாகாது.

இனி, எப்பொருளால் ஆனதைத் தெரிந்தெடுப்பது? முற்றிய பனையைப் பிளந்து சோற்றியை நீக்கிய தூம்பு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கனமாகையால் பலமான தாங்கல் வேண்டும். மூங்கில் மலிவு, சில வருஷங்களில் உளுத்துவிடும். நாகம் பூசிய தகரம் உறுதியானது. எனினும் வெட்டிய விளிம்பிலும் சருகு தேங்கும் இடத்திலும் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் குழாய் துருப்பிடியாது. ஆனால் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்குவதால் இணைப்பில் சிறிது இடைவெளியும், இரண்டடிக்கு ஒரு கொக்கியும் அவசியம். அலுமினியம் இலேசானது, ஈரச் சுண்ணாம்பும் சிமெண்டுக் கலவையும் அதனை அரித்துவிடும். ஓலைக்கூரைக்கோ தூம்பு தகாது. சருகு விழுந்து அடைத்துக்கொள்ளும். அவ்வீட்டார் இறவாரத்தை நீட்டி, சொட்டு விழும் கோட்டில் கல் பதித்த வாய்க்கால் அமைப்பதே நலம்.

நல்ல தூம்பும் சரியாகக் கட்டாவிடில் வீண். பத்து அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிவு வேண்டும். கண்மதிப்பை நம்பாமல் ரசமட்டம் கொண்டு பார்க்க. ஓட்டின் விளிம்பு தூம்பினுள் ஓர் அங்குலமாவது நீண்டிருக்கட்டும். இறக்குக் குழாயின் வாயைச் சுவரடியில் விட்டுவிட்டால் முழுக்கூரையின் ஜலமும் ஒரே மூலையைப் பறிக்கும். அது தூம்பில்லாமையினும் பெருங்கேடு. அந்த ஜலத்தைத் தொட்டிக்கோ, கிணற்றருகே வெட்டிய ஊறல் குழிக்கோ கொண்டு செல்லுங்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2003-ஆம் ஆண்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் கருத்தும் இதுவே. தொட்டியில் சேர்ப்போர், கூரையைக் கழுவிவரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுக.

அன்பர்களே, இவ்விஷயத்தில் சங்கம் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. அங்கத்தினர் தத்தம் கூரையின் அளவை எழுதிக் கொடுத்தால், வேண்டிய குழாயையும் கொக்கிகளையும் மொத்தமாக வாங்கலாம். ரசமட்டம் ஒன்றை ஊருக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். புரட்டாசிக்குள் இவ்வேலை முடியவேண்டும். சுவர் ஊறிய பின் தூம்பைத் தேடுவதில் பயனில்லை. இன்று வீடு சென்றதும் முழக்கோலை எடுத்து உங்கள் கூரையை அளந்து பாருங்கள். அதுவே இப்பிரசங்கத்தின் பலனாகும்.