துக்கமும் திரும்புதலும்: பாமாவின் எழுத்தை முன்வைத்து

(எம். புதுப்பட்டியில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

கஷ்டம் வந்தாத்தான் சாமி ஞாபகம் வரும்னு நம்ம ஆளுக சொல்வாங்க. இலக்கிய விமர்சகர்களும் இதையேதான் கொஞ்சம் கனமான சொற்களில் சொல்கிறார்கள். தஸ்தயேவ்ஸ்கியை உதாரணம் காட்டுவார்கள். 1878 மே மாதம் அவருடைய சின்ன மகன் அல்யோஷா வலிப்பு வந்து செத்துப்போனான். அடுத்த மாதம் அவர் ஆப்டினா மடாலயத்துக்குப் போய் ஒரு துறவியைச் சந்தித்தார். 'கரமசோவ் சகோதரர்கள்' 1879-80-இல் வெளிவந்தது. செத்த மகனின் பெயரே நாவலின் நாயகனுக்கு. மகனைப் பறிகொடுத்த குடியானவப் பெண் ஒருத்தி துறவி முன்னால் அழுகிற காட்சியும் அதில் உண்டு. ஆனால் அதே நாவலில், பிள்ளைகள் படுகிற பாட்டுக்கு எவன் கணக்குச் சொல்வான் என்று இவான் கேட்கிறான். நம்பிக்கைக்குத் திரும்பியவர் கேள்வியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

இது ஒரு வீட்டில் விழுந்த இழவு. ஒரு தெருவே துக்கத்தோடு பிறக்கிறதே, அந்தத் தெருவிலிருந்து வருகிற எழுத்தாளர் எங்கே திரும்புவார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. நம்ம மாவட்டத்திலேயே, மேற்கு மலையடிவாரத்தில் இன்னொரு புதுப்பட்டி இருக்கிறது. பாமா பிறந்த ஊர்.

பாமா 1958-இல் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். படித்து, ஆசிரியர் வேலை பார்த்து, பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்ற எண்ணத்தோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழாண்டு கழித்து வெளியே வந்தார். மடத்துக்குள் அவர் பார்த்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கீழ்ப்படிதல் என்ற சொல், அதற்குக் கீழே ஒளிந்திருந்த சாதி. வேலை இல்லை, கையில் காசு இல்லை. எதற்காகப் போனோமோ அதுவே பொய்யாகிப்போன துக்கம் மட்டும் இருந்தது. அந்த நிலையில் எழுதியதுதான் 1992-இல் வெளிவந்த 'கருக்கு'.

அதில் துக்கம் 'நான்' என்று தொடங்கினாலும் சீக்கிரமே 'நாங்க' ஆகிவிடுகிறது. சாதிக் கலவரம், போலீஸ் வேட்டை. ஆண்கள் எல்லாம் தலைமறைவு. அந்த நேரம் பார்த்து ஒரு சிறுவன் இறந்துபோகிறான். பெத்த தகப்பன் சேலையைக் கட்டிக்கொண்டு மகன் இழவுக்கு வருகிறான். மகனுக்காக அழுவதற்கே வேஷம் போட வேண்டியிருக்கிறது. துக்கம் எல்லோருக்கும் பொது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். செத்த பிறகாவது சமம் உண்டா என்றால் அதுவும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துக் கட்டின சுவர் ஊரறிந்த சங்கதி. ஒரே சிலுவை, ஒரே செபம், நடுவில் செங்கல்.

அப்படியானால் பாமா விசுவாசத்தை உதறிவிட்டாரா? இல்லை. அவர் மடத்தைத்தான் விட்டார். பைபிளை விடவில்லை, வேறு மாதிரி படித்தார். பொறுமை, தாழ்ச்சி, சாந்தம் என்று சாமியார்களும் சிஸ்டர்களும் சொல்லிக் கொடுத்த இயேசு ஒருவர். நியாயத்துக்காகக் கோபப்பட்டு, ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற இயேசு இன்னொருவர். இந்த இரண்டாமவரை ஏன் எங்களுக்குக் காட்டாமல் மறைத்தீர்கள் என்று கேட்கிறார். பனங்கருக்கின் இருபக்க ரம்பத்தையும், பைபிள் சொல்லும் இருபுறமும் கருக்குள்ள வாளையும் அவர் சேர்த்துப் பார்த்தது இதனால்தான். திரும்புதல் என்றால் பழைய இடத்துக்கே போய்ச் சேருவது என்று அர்த்தமில்லை. பறித்துக்கொண்டு போனதைத் திருப்பி வாங்குவதும் திரும்புதல்தான்.

அவருடைய மொழியே அந்தத் திரும்புதலின் பலன். செபப் புத்தகத் தமிழிலிருந்து தெருத் தமிழுக்கு வந்தார். 1994-இல் வந்த 'சங்கதி'யில் பாட்டிமார் பேச்சு, வசவு, குலவை எல்லாம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற மைக்கண்ணி என்ற சிறுமியும் அதில் இருக்கிறாள். இந்தக் கந்தக பூமியில் அவளை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒப்பாரியாக முடிய வேண்டிய எழுத்து இந்தப் பெண்களுடைய கேலியாலும் சிரிப்பாலும் எழுந்து நிற்கிறது. பாமாவுக்கு ஆறுதல் மேலேயிருந்து இறங்கி வரவில்லை. பக்கத்துத் திண்ணையிலிருந்து வந்தது.

திரும்புதலுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற அர்த்தம் வேறு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன், 2024 நவம்பரில் நாம் இழந்த ஆய்வாளர், இதைத்தான் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) எழுதினார். படித்த தலித் கிறிஸ்தவ இளைஞன் ஒருவன், வேலைக்காக இந்துவாக மாறுகிறான். 'தாய் மதம் திரும்புதல்' என்று மேடையில் முழங்குகிறார்களே, அதன் நிஜ முகம் இது: ஒரு விண்ணப்பம், ஒரு சான்றிதழ். அதைப் பக்தி என்று எவனாவது சொன்னால் சிலுவைராஜ் சிரிப்பான். தங்கை புத்தகத்தில் விசுவாசம் போராட்டமாகிறது. அண்ணன் புத்தகத்தில் மதம் நையாண்டியாகிறது. ஒரே வீடு, ஒரே காயம், இரண்டு பாதை.

நான் வங்கியில் குமாஸ்தா. படிவத்தில் ஒரு கட்டம் மனுசனை என்ன பாடுபடுத்தும் என்று நாள்தோறும் பார்க்கிறவன். மாணவத் தோழர்களே, சாதிச் சான்றிதழில் ஒரு கட்டத்தை நிரப்பும்போது உங்கள் கை தயங்குமானால் அது உங்கள் குற்றமல்ல. அந்தத் தயக்கத்தை எழுதுங்கள்.

கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் துக்கத்தைக் கேட்டு உச்சுக்கொட்டுகிற வாசகர்கள் பெருகிவிட்டார்கள். அந்த உச்சு நமக்குத் தேவையில்லை. எழுதுகிறவர் கோயிலுக்குப் போகிறாரா, சர்ச்சுக்குப் போகிறாரா, விகாரைக்குப் போகிறாரா, எங்கும் போகவில்லையா என்பதல்ல நம் கேள்வி. அந்த நம்பிக்கை அவரைத் தெருவுக்குக் கூட்டி வருகிறதா, தெருவிலிருந்து பிரித்துக் கொண்டுபோகிறதா? அதை மட்டும் கேட்போம். 'கருக்கு' நம்மைத் தெருவுக்குக் கூட்டி வந்த புத்தகம்.