பெயரைத் தந்த உவமைகள்



எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய குறுந்தொகை, கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுக்களைக் கொண்டது. ஒன்பதடியால் வந்த இரு பாட்டுக்கள் ஒழிய, ஏனையவை நான்கடி முதல் எட்டடி வரையில் அமைந்தவை. இச்சிறு பாட்டுக்களைப் பாடியோருட் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. எனினும் அவர்கள் பெயரற்றவர் அல்லர். செம்புலப்பெயனீரார், கல்பொரு சிறுநுரையார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என, அவரவர் உவமையே அவரவர்க்குப் பெயராயிற்று. புலவருடைய ஊரையும் குடியையும் மறந்த தமிழுலகம் அவர் கண்ட உவமையை மறந்திலது. உவமைக்குச் சுவைஞன் அளிக்கும் மறுமொழி எத்தகையது என்பதற்கு இப்பெயர்களே சான்றாகும்.

செம்புலப்பெயனீராரின் பாட்டு ஐந்தே அடி. முன்பின் அறியாத இருவருடைய நெஞ்சங்கள், செம்மண் நிலத்திற் பெய்த மழைநீர்போற் கலந்தன என்கிறான் தலைவன். இவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சிய தலைவிக்கு அவன் கூறியது இஃது எனப் பழைய கூற்றுக் குறிப்பு உரைக்கின்றது. கலந்த நீரை மண்ணினின்றும் பிரித்தெடுப்பார் யார்? அவன் சூளுரைத்திலன்; உவமையே உறுதிமொழியாயிற்று. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் மாரிமழை விழுந்து, வாய்க்கால் நீர் சிவந்தோடக் கண்ட ஒருவனுக்கு இதற்கு உரையும் வேண்டுமோ?

கல்பொரு சிறுநுரையாரின் தலைவியோ துயரைத் தாங்கிக்கொள் என்போர்க்கு விடை கூறுகின்றாள். பெருவெள்ளத்திற் பாறைமீது மோதும் நுரைபோலச் சிறிது சிறிதாக இல்லாதொழிகின்றேன் என்பது அவள் சொல். நுரை ஓசையின்றி அழிவது. அழிந்த இடத்தில் அடையாளமும் எஞ்சுவதில்லை. இவ்விரண்டையும் பாட்டுச் சொல்லவில்லை. கேட்போன் தன் நெஞ்சத்தே கண்டு நிரப்பவேண்டும்.

அணிலாடு முன்றிலார் காட்டுவது மக்கள் விட்டகன்ற வீடு. தலைவன் உடனிருந்த நாளில் விழாக்கொண்ட ஊர்போல மகிழ்ந்தவள், அவன் பிரிந்த நாளில், அணில் விளையாடும் முற்றத்தையுடைய வெற்றுவீடு போலப் பொலிவிழந்தாள். ஆளரவம் உள்ள முற்றத்தில் அணில் அஞ்சியோடும். அஃது அச்சமின்றி ஆடுகின்றது என்பதே வீட்டின் வெறுமைக்கு அளவுகோல். 1995 ஆம் ஆண்டில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்து, பின்னாளில் மீண்டுவந்து தம் முற்றங்களைப் பார்த்தனர். அவர்களுக்கு இவ்வுவமை சங்ககாலத்துச் செய்தி அன்று. காதற்பிரிவைப் பாடிய பாட்டு, அவர்கள் நெஞ்சிற் பிறிதொரு பிரிவையும் பேசும். இது பாட்டைத் திரித்தல் ஆகாது. பாட்டு வாழ்கின்றது என்பதன் அடையாளம்.

தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என உவமையை நான்கு வகையாக வகுத்தார். அப்பாகுபாடு பயனுடையதே. ஆயினும் நம் வகுப்பறைகளில் நிகழ்வது யாது? உவமானம், உவமேயம், பொதுத்தன்மை என மூன்றையும் பிரித்தெழுதிய மாணாக்கன் புள்ளி பெறுகின்றான். பாட்டோ அவன் நெஞ்சைத் தொடாமலே விடைத்தாளோடு போய்விடுகின்றது. பூவின் இதழ்களை எண்ணியவன் அதன் மணத்தை அறிந்தவன் ஆகான்.

இதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. அணியின் பெயரைக் கேட்குமுன், “இக்காட்சியை நீ எங்கே கண்டாய்?” என்று ஆசிரியர் ஒரு வினா வினவலாம். கடற்கரைப் பிள்ளை நுரையைச் சொல்லும். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை செம்மண்ணைச் சொல்லும். அணியிலக்கணம் அதன்பின் வரட்டும். அப்பொழுது அது சுமையாக இராது. பெயர் தெரியாத புலவர்க்கு உவமையாற் பெயரிட்ட அப்பழைய சுவைஞரின் வழியில் நம் பிள்ளைகளும் நடப்பர்.