நான் பாரமாகிவிட்டேனா?



தருமபுரி மாவட்டம் அரூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்று குடம், டிரம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்து, அடுத்த முறை வரும்வரை அளந்து புழங்க வேண்டும். அந்த வீட்டு மருமகளுக்குப் பாத்திரத்தை ஒரு தடவை கழுவினால் மனசு கேட்பதில்லை. எச்சில் பட்டிருக்குமோ, பல்லி ஓடியிருக்குமோ, அதனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மறுபடி கழுவுகிறாள். அப்புறம் கையை. பிறகு கை பட்ட குழாயை. மத்தியானத்துக்குள் டிரம் காலி. மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு அடிபம்புக்குக் கிளம்புகிறார். பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரே நினைப்பு: இந்த வீட்டுக்கு நான் பாரமாகிவிட்டேன்.

அந்த நினைப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவளுக்கு இருப்பது எண்ணச் சுழற்சி நோய். டாக்டர்கள் ஓ.சி.டி. என்பார்கள். வேண்டாத ஓர் எண்ணம் வந்து பயத்தைக் கிளப்பும். பயம் அடங்க ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று தோன்றும். செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு அதே எண்ணம் இன்னும் பலத்தோடு திரும்பும். தீர்த்தமலைக்குப் போய்ப் புனிதத் தீர்த்தத்தில் தலை நனையக் குளித்துவிட்டு வந்தாலும், பஸ் ஏறிச் சீட்டு வாங்கியதும் கையில் அழுக்கு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். எல்லாருக்கும் கழுவுவதாகவே இருக்காது. பூட்டையும் கேஸ் அடுப்பையும் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் உண்டு. சாமி கும்பிடும்போது ஆகாத வார்த்தை மனசில் ஓடிவிட்டதே என்று முதலிலிருந்து கும்பிடுபவர்கள் உண்டு. பெற்ற பிள்ளையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்து தூக்கவே தயங்கும் தாயும் உண்டு. அந்த எண்ணம் அவருடைய ஆசை கிடையாது. அவர் எதை நினைத்தாலே நடுங்குவாரோ, நோய் அதையே பிடித்துக்கொள்கிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. பெரியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் எட்டுப் பேருக்கு இந்த நோய் இருப்பது தெரியவந்தது. வெளியே சொல்லாததால், ஒவ்வொருவரும் உலகத்திலேயே தான் ஒருவர்தான் இப்படி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்த மருமகளின் நினைப்புக்கு வருகிறேன். பாரமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குடம் சுமக்கும் மாமியாருக்கு இடுப்பு வலிப்பது நிஜம். திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் கணவன், கூலியை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவருவதும் நிஜம். ஆனால் அந்தப் பாரத்தை ஏற்றி வைத்தது நோய். அந்த நோயின் எடையில் பெரும்பங்கைச் சுமப்பவளும் அந்தப் பெண்தான்.

இதில் பல குடும்பங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. "நான் உங்களுக்குத் தொந்தரவா இருக்கேனா? என்மேல கோபமா?" என்று அவள் ஒரு நாளில் பத்து முறை கேட்பாள். பாசத்தில் பத்து முறையும் "இல்லம்மா" என்பார்கள். கேள்வி நிற்காது. ஏனென்றால் பல நேரங்களில் இந்தக் கேள்வியும் கை கழுவுவதைப் போன்றதுதான். பதில் கிடைத்ததும் சற்று நேரம் ஆறுதல், பிறகு மறுபடி சந்தேகம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லிசா கால்வோகோரெசியும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டார் பெரும்பாலும் நோயின் சொல்லுக்கு இசைந்தே நடக்கிறார்கள் என்று காட்டியது. கூடச் சேர்ந்து கழுவுவது, கேட்கும்போதெல்லாம் உறுதி சொல்வது, அவள் தொடப் பயப்படுவதை எல்லாம் தாங்களே செய்துவிடுவது. அன்பினால் செய்கிறார்கள், அதைத் தின்று நோய் வளர்கிறது.

அதற்காக நாளைக்கே கையை உதறிவிடாதீர்கள். அது கொடுமை. ஒருமுறை, முகம் பார்த்து, "நீ எங்களுக்கு வேணும். இப்ப கேக்கறது நோய். இதுக்குப் பதில் சொல்லாம உன் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லுங்கள். பிறகு அதன்படியே இருங்கள். எதை, எவ்வளவு குறைப்பது என்று அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சிகிச்சை தருபவரும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டாரை வைத்தியத்தில் சேர்த்துக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரத்தில் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்குவதே வழக்கமாயிற்று. நம் நாட்டு மனநல மருத்துவம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று இது என்பேன். துணைக்கு வந்தவரை அங்கே சுமை தூக்க வந்தவராகப் பார்ப்பதில்லை. குணமாவதில் அவருக்கும் வேலை இருக்கிறது.

சிகிச்சை உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை ஒன்று இருக்கிறது. பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்வது, உடனே கழுவாமல் பொறுத்திருப்பது, அவ்வளவுதான். பஸ் சீட்டைத் தொட்டுவிட்டு அரை மணி நேரம் கழுவாமல் இருப்பது அதில் ஒரு படியாக இருக்கலாம். பயம் ஏறும். கழுவாமலே இறங்கவும் செய்யும். அதை உடம்பே அனுபவத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். மாத்திரைகளும் உதவுகின்றன, ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். பத்தே நாளில் "கேக்கல" என்று நிறுத்திவிடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மனநலச் சேவையைப் பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. மாவட்ட மனநலத் திட்டம் தருமபுரியிலும் உண்டு. அரூர் அரசு மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் இடத்தில், மனநல டாக்டரை எங்கே, எந்த நாளில் பார்க்கலாம் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "நான் இல்லாட்டி இவங்க நிம்மதியா இருப்பாங்க" என்று வீட்டில் யாராவது சொன்னால், அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். அன்றே உட்கார்ந்து பேசுங்கள், தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்த நினைப்பு உங்களுக்கே வந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண்ணில் தமிழில் பேசலாம். இரவு பகல் எந்நேரமும், கட்டணம் இல்லை. எண் 14416. மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 1, 4, 4, 1, 6.