ஈரலில் குடிபுகும் தட்டைப் புழு



1874-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சீனத் தச்சர் ஒருவர் மாண்டார். அவரது உடலை அறுத்துச் சோதித்த மக்கானல் என்னும் மருத்துவர், பித்தக் குழாய்களில் இலை போன்ற சிறு புழுக்கள் அடைந்து கிடக்கக் கண்டார். சீன ஈரல் தட்டைப் புழு மருத்துவ உலகுக்கு அறிமுகமானது அவ்வாறுதான்.

நன்னீர் மீனைப் பச்சையாக உண்பவரையே அப்புழு பற்றுகிறது. பல்லாண்டுகள் தங்கினால் பித்தக் குழாயில் புற்றையும் விளைவிக்க வல்லது. நம் வீட்டு மீனோ குழம்பில் கொதித்த பிறகே இலைக்கு வருகிறது. ஆகவே அதற்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் அதற்கு உறவான மாட்டு ஈரல் புழு நம் நாட்டிலேயே உண்டு. வாய்க்காலும் நெல்வயலும் சூழ்ந்த எங்கள் சோழவந்தான் போன்ற ஊர்கள் அது பெருக ஏற்றவை. சாணத்தோடு முட்டை நீரில் விழுகிறது. அதிலிருந்து வெளிப்படும் நுண்ணிய இளம்புழு நத்தைக்குள் புகுந்து, ஒன்று பலவாகப் பெருகுகிறது. பின்னர் வெளியேறி, நீரோரத் தழைகளில் ஒட்டி, கூடு கட்டிக் காத்திருக்கிறது. தழையை மேய்ந்த மாட்டின் குடலைத் துளைத்து ஈரலை அடைகிறது. மாடு இளைக்கிறது, பால் வற்றுகிறது.

மனிதரிடம் இது அரிதே. எனினும், தேர்வுக் காலத்தில் வரப்போரத்து வல்லாரையைப் பறித்துப் பச்சையாகவே மெல்லும் மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். நத்தை ஊரும் ஈரத்தில் வளர்ந்த தழையிலும் அக்கூடு ஒட்டியிருக்கக்கூடும். நீரில் அலசினால் மட்டும் அது முற்றும் போகாது, வேகவைத்தால் மடியும். வல்லாரையைக் கூட்டாகச் சமைத்துத் தரும்படி அன்னையிடம் கேளுங்கள். நினைவாற்றல் பெருகுமா என்பது வேறு பேச்சு.