சமாரியர் கையில் இருந்த மருந்து



அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தவர், யூதர்கள் ஒதுக்கிவைத்த ஒரு சமாரியர். மருந்து யார் கையிலிருந்து வந்தது என்பதை லூக்கா மறக்காமல் எழுதுகிறார்.

நம் பகுதியில் அந்தக் கை இருளர் மக்களுடையது. செங்கல்பட்டு அருகே தண்டரையில், 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை மருத்துவத்தைக் காத்துவருகிறது. வடநெம்மேலியில், 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துத் தருகிறது. பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்து அத்தகைய நஞ்சிலிருந்தே தயாராகிறது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அந்த ஊசியால் பிழைப்பவர், அது யார் உழைப்பு என்று கேட்பதில்லை.

அதே இருளர்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாய்க் கிடந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் இன்றும் அலைகிறார்கள்.

தண்டரைக்குப் போக விரும்பும் அன்பியத்தினரே, தைலம் வாங்கியதும் திரும்பிவிடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வணங்கும் கன்னியம்மாவைப் பரிகசிக்காதீர்கள். ஊர் திரும்பியதும், நம் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் குடும்பத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அலுவலகத்துக்குத் துணையாகப் போங்கள். உவமையைச் சொல்லி முடித்த ஆண்டவர், போய்ச் செய்யும்படிதான் கேட்டார். ஆமென்.