தபால் உறையும் காவற்காரனும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரோடும் உறவோடும் நம்மைப் பிணைத்த பாலம் முன்னாளில் தபாலே. இன்று அவ்விடத்தில் மின்னஞ்சல் அமர்ந்திருக்கிறது. வங்கிக் கணக்கும், பிள்ளைகளின் நேர்முகத் தேர்வு அழைப்பும் அதன் வழியே வருகின்றன. அத்தகைய கடிதம், வீட்டுக் கணினியைக் காக்க வந்த வைரஸ் தடுப்பு மென்பொருளாலேயே தடைப்படுவதுண்டு. அதன் காரணம் யாது, பரிகாரம் யாது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

மின்னஞ்சலும் வைரஸ் தடுப்பும் ஒரே கையில் வளர்ந்தவை எனலாம். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் வலைவழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். முகவரியின் நடுவே நாம் இடும் ‘அட்’ குறியைத் தேர்ந்தவரும் அவரே. அவர் பணியாற்றிய நிறுவனத்திலேயே பாப் தாமஸ் என்பார், கணினி விட்டுக் கணினி தாவும் ‘க்ரீப்பர்’ என்னும் நிரலை எழுதினார். அதனைத் தேடி அழிக்கும் ‘ரீப்பர்’ நிரலை இயற்றியவரும் டாம்லின்சனே.

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், காதற் கடிதம் போல் வேடம் பூண்ட ஒரு வைரஸ் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிற்று. இணைப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ளோர்க்கெல்லாம் அது தானே சென்றது. இத்தகைய ஆபத்துகளை அஞ்சியே, வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் வழியில் நிறுத்திச் சோதிக்கும் வசதியைத் தடுப்பு மென்பொருளில் அமைத்தனர். அந்நாளில் பெரும்பாலான கடிதங்கள் மறையாக்கமின்றிச் சென்றமையால் சோதனை எளிதாயிற்று.

இன்றோ கடிதங்கள் முத்திரையிட்ட பைகளிற் செல்கின்றன. காட்பாடியில் அரக்கு முத்திரையிட்ட தபால் பையைப் பாகாலாவில் ஒருவர் பிரித்துப் பார்த்து, தம் முத்திரையை வைத்து அனுப்பினால், திருப்பதியில் அதனைப் பெறுபவர் ஏற்பாரோ? அவ்வாறே தடுப்பு மென்பொருள் தன் சான்றிதழை இடையில் வைக்கும்போது, தண்டர்பேர்டு போன்ற அஞ்சற் செயலி ‘இச்சான்றிதழ் நம்பத்தக்கதன்று’ என மறுத்துவிடலாம். பெரிய இணைப்புகளை அனுப்புங்கால், சோதனை முடியுமுன் காலக்கெடு தீர்ந்து கடிதம் நின்றுவிடுவதும் உண்டு. இன்னொரு தொல்லையும் உளது. தண்டர்பேர்டு ஓர் அடைவின் கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் வைப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று தீயதெனக் கண்டு மென்பொருள் அக்கோப்பையே ஒதுக்கிவிடின், எல்லாக் கடிதங்களும் மறைந்துபோம்!

இத்தொல்லை கண்டு சிலர் தடுப்பு மென்பொருளையே முற்றும் நீக்கிவிட்டு வாளாவிருக்கின்றனர். இது எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது போலாகும். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்னும் கொடிய நிரல் உலகெங்கும் பரவியபோது, நம் சித்தூர் மாவட்டக் காவல்துறைக் கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானக் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இயல்பினது அது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. அதனை இட்டுக்கொள்ளாத கணினிகளே வீழ்ந்தன. ஆகவே காவலும் வேண்டும். காலந்தவறாத திருத்தமும் வேண்டும்.

செய்யத்தக்கது யாதெனில், மென்பொருளின் அமைப்புகளில் உள்ள ‘மின்னஞ்சல் சோதனை’ என்னும் பகுதியை மட்டும் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். கடிதம் ஒழுங்காகச் சென்றால் காரணம் விளங்கிவிடும். அப்பகுதி நின்றிருப்பினும், இணைப்பைச் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ பொதுக்காவல் அதனைச் சோதிக்கும். ஜிமெயில் போன்றவை தம் நிலையத்திலேயே இணைப்புகளைச் சோதிக்கின்றன. அஞ்சற் செயலியின் அடைவைச் சோதனையிலிருந்து விலக்கி வையுங்கள். அதன் நகலொன்றை வேறிடத்திற் காத்து வையுங்கள். ஒரே கணினியில் இரு தடுப்பு மென்பொருள்கள் வேண்டா. சான்றிதழ் எச்சரிக்கை தோன்றினால், அதனை வழங்கியவர் பெயரை முதலிற் படியுங்கள். அது உங்கள் தடுப்பு மென்பொருளின் பெயராயின் காரணம் இதுவே. அறியாத பெயராயின், மேற்செல்லாது நின்றுவிடுங்கள்.

இவற்றை அறிந்த இளைஞர்கள் நம் காலனியிற் பலர் உளர். முதியோர் இல்லங்களுக்குச் சென்று, ஒரு நாழிகை அமர்ந்து, இவற்றைச் செய்து கொடுப்பார்களாயின், அதுவும் சங்கத் தொண்டேயாகும். ஒருவர்க்கு வர வேண்டிய கடிதம் உரிய நாளில் வந்து சேர்வது சிறிய காரியமன்று. ஒரு குடும்பத்தின் வாழ்வே சில வேளைகளில் அதனைப் பொறுத்திருக்கிறது.